நகக்காரன் வரும் வேகம்

நம் வயதுக்காரர்களுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்சுவரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சுவருக்கும் மலைக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் கான் ஓடும். அதைத் தாண்டிக் கையை நீட்டினால் மண்மேடு. மழை பிடித்துவிட்டால் அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். பாயை அதன் ஓரமாக விரித்துப் படுத்தால் விடியும்போது ஒரு பக்கம் நனைந்திருக்கும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே எதுவோ நகர்கிற மாதிரி இருக்கும். மண்ணுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் அது என்பது இன்றைக்குத் தெரியும். அந்த மழைக்காலத்தில் எனக்கும் தம்பிக்கும் அது, மலையைக் குடைந்துகொண்டு வருகிற ஒன்றின் சத்தம்.

போன மாதம் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி தன் சிநேகிதிகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பூதம் ஒரு சுற்றில் எத்தனை அடி சுரங்கம் தோண்டும் என்பதுதான் சண்டை. பாறையில் தோண்டினால் வேகம் பாதியா, தோண்டிய வழி திறந்திருக்குமா, மூடிக்கொள்ளுமா என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நான் கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சண்டையை நான் முன்பே கேட்டிருக்கிறேன், நம் தோட்டத்தில், மலையகத் தமிழில்.

கொட்டகலையிலிருந்து மேலே ஏறிப் போகிற தோட்டம். எங்களுடையது லயத்து வரிசையில் கடைசி வீடு. முன்னால் அடுப்பு வைத்த இஸ்தோப்பு, அதற்குப் பின்னால் ஒரே ஒரு காம்பரா. அதில் அப்பா, அம்மா, நான், தம்பி. அந்த ஆனி மாதத்தில் சித்தியும் வந்து சேர்ந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அவர் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அரபுக்காரர்கள் அல்ல; எண்ணெய்க் கம்பனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். புலிப்படம் போட்ட கம்பளி, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், வாசனைச் சவர்க்காரக் கட்டிகள் என்று எல்லாரும் கொண்டுவருவதை அவரும் கொண்டுவந்தார். அவற்றோடு ஒரு மூலை நசுங்கிய அட்டைப்பெட்டியும் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து, படிக்க வேறு தேசம் போனபோது சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனது.

பெட்டிக்குள் அட்டை கிழிந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் பூதங்களின் படம். அப்புறம் ஒரு துணிப்பையில் உருட்டுக்காய்கள். நாம் பார்த்த தாயக்கட்டை மாதிரி இல்லை. ஒன்று கூம்பாக, ஒன்று வைரக்கல் போல. இன்னொன்று முகம் முகமாகப் பட்டை தீட்டிய நீலக் காய். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரு கடல் தெரிகிற மாதிரி இருக்கும். அதைத் தம்பி வாயில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

"அந்தப் புள்ளைங்க வெளையாடும்போது நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். ஒரு நாளு ஒரு ஆளு கொறைஞ்சிருச்சு. நீ ஒக்காருன்னாங்க. ஒக்காந்தேன். அப்பறம் எந்திரிக்கவே விடல" என்று சித்தி சொன்னார். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டதே அந்த மேசையில்தானாம். பூதங்களைப் பற்றி நன்றாகப் பேசுவார். கடைக்குப் போய் அரிசி கேட்கத்தான் வார்த்தை வராது என்று சிரிப்பார்.

ஆட்டத்தில் பலகை கிடையாது. சித்தி சொல்லுவார், நாங்கள் கேட்போம். "நீங்க ஒரு கோட்டை முன்னால நிக்கிறீங்க. மழை பேயுது. கதவு பூட்டியிருக்கு. என்னா செய்றீங்க?" இவ்வளவுதான். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைக் காய் சொல்லும். நம்மிடம் அதுவரை யாராவது "என்னா செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்களா? என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் பழக்கம்.

நாங்கள் மூன்று பேர். நான் கையில் வெளிச்சம் வைத்திருக்கிற மந்திரக்காரி. சித்தி எனக்கு வைத்த பெயர் வெளக்குக்காரி. பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவள். அவள் சம்மட்டி தூக்கிய, மலைக்குள் சுரங்கம் வெட்டுகிற குள்ளச்சி. தம்பி மனிதனாக இருக்க மாட்டேன் என்றுவிட்டான். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு படத்தில் விரலை வைத்தான். மாட்டுத் தோள், வண்டின் ஓடு, கை நிறைய அரிவாள் போல நகம். மண்ணையும் பாறையையும் குடைந்துகொண்டு போகிற ஜந்து. அதற்கு நகக்காரன் என்று பெயரிட்டோம்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. கோட்டைச் சுவருக்கு அடியால் தோண்டி உள்ளே போகிறேன் என்றான் தம்பி. புத்தகத்தைப் பார்த்துச் சித்தி வேகத்தைச் சொன்னார். ஒரு ஆள் வாளை ஓங்கி வெட்டுகிற நேரத்துக்குள் நம் காம்பராவின் நீளம் போய்விடுமாம்.

"அவ்ளோ சீக்கிரமா எப்பிடிடா தோண்டும்?" என்றாள் அக்கா. "எங்கப்பா கக்கூஸ் குழி வெட்ட ரெண்டு நாளு எடுத்தாரு."

"ஒங்கப்பாவுக்கு நகமா இருக்கு?"

"சரி, தோண்டுன மண்ணு எங்க போவும்? திங்குமா?"

சித்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார். "இதே கேள்விதான். அந்த வீட்டுப் பெரிய பையனும் சின்னவனும் இதுக்குத்தான் செருப்ப கழட்டி அடிச்சுக்கிட்டாங்க" என்றார். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆகவே நாங்களே சட்டம் போட்டோம். மண்ணைப் பின்னால் தள்ளிவிட்டு முழு வேகத்தில் போனால் வழி மூடிக்கொள்ளும். பின்னால் யாரும் வர முடியாது. வழியை விட்டுவிட்டுப் போனால் பாதி வேகம். கல் வந்தால் அதிலும் பாதி. மீன் தண்ணீரில் போவது போல மண்ணில் சுவடே இல்லாமல் போகிற வேறு சில ஜந்துகளும் உண்டு என்று சித்தி சொன்னார். அதைக் கேட்ட அன்று நான் காலைத் தரையில் வைக்கப் பயந்தேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் நாங்களே தோண்டிப் பார்த்தோம். அப்பாவின் பீட்ரூட் பாத்தி ஓரத்தில், அம்மா மலையில் மண்ணைக் குத்திக் கிளறுகிற இரும்பு முள்ளை எடுத்துக்கொண்டு. சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி மூச்சு வாங்கத் தோண்டினான். முழங்கை போகிற அளவுக்குக் குழி விழுவதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். குழியிலிருந்து ஆவி போல ஒரு குளிர் வந்தது. வேர்கள் அறுந்த வாசம்.

அக்கா குழியையும் மேலே மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நகக்காரன் இந்த மலைக்கு அந்தப் பக்கம் எப்ப போவான் சித்தி?"

"அடுப்புல ஒல கொதிக்கிறதுக்குள்ள."

"அப்ப ஹட்டன் பக்கத்துல ரயில் போற கொகையத் தாண்ட?"

"அதுவா? நீங்க ரயில்ல அந்தக் கொகைக்குள்ள கத்துறீங்கல்ல, அந்தக் கத்து முடியிறதுக்குள்ள."

மேகம் இறங்கித் தேயிலையை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக்கும் மேகத்துக்கும் அடியில், நம் காலுக்குக் கீழே, அவ்வளவு வேகமாக ஒன்று போக முடியும் என்கிற நினைப்பே என்னை நிறைத்துவிட்டது. அதுவரை மலை என்பது மேலே ஏறுகிற ஒன்று. அதற்கு உள்ளே என்று ஒரு இடம் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. சித்திக்குக் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. கொட்டகலைக் கடைவீதியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இந்த நேரத்தில் பெண் மூன்று பிள்ளைகளோடு காம்பராவில் உட்கார்ந்து கரகரத்த குரலில் பூதம் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தால்? லயத்தில் கதை கிளம்பியது. வெளிநாட்டில் எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறாள், ஏதோ சேர்ந்திருக்கிறது என்று.

பெரியப்பாதான் கண்டிக்க வந்தார். அப்பாவின் அண்ணன். அவரும் பெரியம்மாவும் நாலு வீடு தள்ளி இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர், தோட்டத் துரைக்கு முன்னாலேயே நிமிர்ந்து பேசுகிறவர். அவர் வாசலில் வந்து நின்றால் காம்பராவில் இருட்டிவிடும். உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் சிதறிக் கிடந்த காய்களைப் பார்த்தார்.

"என்னாம்மா இது?"

"வெளையாட்டுங்க மாமா."

"கொமரிப் புள்ள வெளையாடுற வெளையாட்டா இது? பூசாரி சொல்லுறாரு, இந்த மாதிரி கோணக்கல்லெல்லாம் செய்வினைக்கு வக்கிறதுன்னு. ஒன் அக்காவும் மச்சானும் லயத்துல தல நிமிர வேணாமா?"

பெரியப்பா காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஆற்றில் வீசிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. புத்தகத்தை அவர் தொடவேயில்லை. இங்கிலீஷ் புத்தகம், படிப்பு சம்பந்தப்பட்டது, அதில் கெடுதல் இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். தம்பி மூன்று நாள் அழுதான். அந்த நீலக் காய் இப்போதும் எங்கேயோ கொத்மலைப் பக்கம் சேற்றுக்குள் கிடக்கிறதோ என்னவோ.

ஆட்டம் நிற்கவில்லை. கடதாசித் துண்டுகளில் எண் எழுதித் தேயிலை டின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தோம். சித்தி குரலை மட்டும் தணித்துக்கொண்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன். விடாத மழை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பெரியவர்கள் ரப்பர் படங்குகளைக் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாங்கள் காம்பராவில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பின்சுவருக்குப் பக்கத்தில் சித்தி. அந்த இடம் எப்போதும் அவருடையது. நாங்கள் எதிரில்.

முதலில் கோழி ஒன்று கத்தியது. அப்புறம் கானில் ஓடிய தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவ்வளவு மழையில் அந்தச் சத்தம் நின்றதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. சித்தி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அடுத்த கணம் இரண்டு கையாலும் எங்கள் மூவரையும் வாரிப் பக்கத்து வீட்டுச் சுவரோரமாக எறிந்தார். ஆமாம், எறிந்தார். என் தலை சுவரில் மோதியது.

அதன் பிறகு சத்தம். இடி மாதிரி இல்லை. மிகப் பெரிய ஒரு ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி. தகரம் கிழிந்தது, மரம் முறிந்தது, பிறகு இருட்டு. பகலில் அப்படி ஓர் இருட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. மண் வீட்டைச் சுற்றி இறங்கி முன்னால் இஸ்தோப்பையும் அடைத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு உத்திரம் சாய்ந்து நின்று தகரத்தைத் தாங்கியது. அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது வாயில் மண், மூக்கில் பச்சை வேரின் வாசம், என் சட்டையை இறுகப் பிடித்திருந்த தம்பியின் கை.

"சித்தி, நாங்க செத்துட்டமா?" என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சித்தியின் குரல், அந்தப் பக்கத்திலிருந்து.

"செத்தவன் பேசுவானாடா? எல்லாரும் பேரு சொல்லுங்க. வீட்டுப் பேரு இல்ல. ஆட்டத்துப் பேரு."

"நகக்காரன்."

"குள்ளச்சி" என்றாள் அக்கா, அழுகையை விழுங்கிக்கொண்டு.

"வெளக்குக்காரி."

"நல்லது. யாரும் அந்த எடத்த விட்டு அசையக் கூடாது. எங்கிட்ட வரக் கூடாது. நான் எப்பவும் இந்தப் பக்கந்தானே இருப்பேன். கொகை இடிஞ்சிருச்சு. வெளக்குக்காரி, ஒன் கையில வெளக்கு எரியுதா?"

நான் கையைத் தூக்கினேன். கை தெரியவில்லை. "எரியுது சித்தி."

"என்னா தெரியுது?"

"சுவரு தெரியுது. ஈரமா இருக்கு. தம்பி மூஞ்சில மண்ணு."

"தொடச்சு விடு."

துடைத்துவிட்டேன். நம்புவீர்களோ இல்லையோ, அந்தக் கணம் எனக்குத் தம்பியின் முகம் தெரிந்தது.

முன்பக்கத்திலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. பொத், பொத் என்று.

"அது என்னா?" என்றார் சித்தி.

"தோண்டுது" என்றான் தம்பி.

"எது?"

"இன்னொரு நகக்காரன்."

"மண்ணுல வருதா, கல்லுல வருதா?"

தம்பி மூச்சைப் பிடித்துக் கேட்டான். "மண்ணுல. வேகமா வருது சித்தி." பிறகு அவன் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கால் குத்திடும். "அது வழிய வுட்டுட்டு வருமா, மூடிக்கிட்டு வருமா?"

சித்தி உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. முக்கியமான இடத்தில் நிறுத்தி எங்களைத் தவிக்கவிடுவார். "வுட்டுட்டுத்தான் வரும்" என்றார். "அதான் மெதுவா வருது."

அப்போது வெளியே மறுபடியும் அந்தப் பெருமூச்சு. சின்னதாக. யாரோ கத்தினார்கள். தோண்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

அக்கா வாய்விட்டு அழுதாள். தம்பியும் அழுதான். நான் அழுதேனா என்று நினைவில்லை. காற்று கனத்துக்கொண்டே வந்தது, ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி.

"குள்ளச்சி" என்றார் சித்தி. குரல் கரகரப்பாக இருந்தது. பூதக் குரல் போடுகிறார் என்று நினைத்தேன். "நீ தோண்டுற சாதி. ஒனக்குத்தான் தெரியும். மண்ணு மேல மண்ணு விழுந்துக்கிட்டே இருந்தா, தோண்டுறவன் என்னா செய்வான்?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "வேற பக்கமா வருவான்."

"எந்தப் பக்கமா?"

"கல்லுப் பக்கமா. கல்லு சரியாது."

"கல்லுன்னா மெதுவாத்தானே வரும்?"

"மெதுவா வந்தாலும் வரும் சித்தி." சொல்லிவிட்டு அவளே திரும்பி நாங்கள் சாய்ந்திருந்த சுவரைத் தடவினாள். கூரைவரை எழுப்பிய கருங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவள் வீடு. "இங்க ஒரு கல்லு ஆடும். அந்தப் பக்கம் எங்க வீட்டு சாமிப்படம் ஆணி அடிச்ச எடம். ஆணி அடிக்கும்போதே ஆடுச்சுன்னு அம்மா ஏசுச்சு."

"அப்ப தட்டு."

தேயிலை டின் என் காலடியில் கிடந்தது. அக்கா அதால் தட்டினாள். டங், டங், டங். நிறுத்திக் கேட்டோம். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். கை வலித்தபோது நான் வாங்கித் தட்டினேன். பிறகு தம்பி.

சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது. டங்.

அந்த ஒரு சத்தத்தை எப்படிச் சொல்வேன்? எவ்வளவோ கோயில் மணி கேட்டிருக்கிறேன். எந்த மணியும் என் நெஞ்சை அப்படிப் பிடித்ததில்லை. தம்பி சுவரில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டான். "வருது. கல்லுல வருது" என்றான், சாமி வந்தவன் மாதிரி.

அலவாங்குக் கடப்பாரையின் முனை கல்லில் உரசுகிற சத்தம். பிறகு அதுவும் நின்று, நகத்தால் சுரண்டுகிற மாதிரி மெல்லிய ஓசை. சித்தி சொல்லிக்கொண்டே இருந்தார். அது எப்படி இருக்கிறது, தோள் எவ்வளவு அகலம், கண் எப்படி மின்னுகிறது, மலையின் அந்தக் கோடியிலிருந்து எங்கள் வாசம் பிடித்துக்கொண்டு வருகிறது என்று. நடுநடுவே நிறுத்தினார். நிறுத்தியபோதெல்லாம் நாங்கள், "அப்பறம்? சித்தி, அப்பறம்?" என்று கத்தினோம். "பொறுங்கடா, வருது" என்பார்.

ஒரு கல் ஆடியது. பல் ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும். பிறகு அது அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கை உள்ளே வந்தது. மண்ணும் ரத்தமும் அப்பிய பெரிய கை. அலவாங்கைப் போட்டு நெம்பினால் கூரை இறங்கிவிடும் என்று, கல்லிடுக்கு மண்ணை விரலாலேயே நோண்டியிருக்கிறார். அந்தக் கையின் விரல்களில் நகமே இல்லை.

தம்பி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தான். "பெரியப்பா" என்றான்.

ஓட்டையைப் பெரிதாக்கி ஒவ்வொருவராக இழுத்தார்கள். முதலில் தம்பி, பிறகு அக்கா. என் முறை வந்தபோது திரும்பி, "சித்தி, வாங்க" என்றேன்.

"நீ போ. நான் பின்னால வர்றேன்."

அந்தப் பக்கம் போய் நின்றதும் நான் கண்டதை மறக்க முடியாது. அக்காவின் வீடு முழுக்க ஆட்கள். எவரும் பேசவில்லை. உள்ளே கேட்கிற குரலை வைத்துத்தான் தோண்டுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று பெரியப்பா எல்லாரையும் அடக்கி வைத்திருந்தாராம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூரை வளைமரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். மலையிலிருந்து ஓடிவந்த பெண்கள் வரிசையாக நின்று கொழுந்துக் கூடைகளில் கல்லையும் மண்ணையும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் போனது. அந்தக் கோடியில், அவர்கள் கொட்டிய மண் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது. அப்பா ஓட்டையோரத்தில் கல்லை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்; அம்மா வரிசையில் நின்றார். என்னைப் பார்த்தும் கையிலிருந்த கூடையை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை; கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. புத்தகம் சொன்ன எந்த வேகமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. நம் ஆட்கள் தோண்டிய வேகம் அது.

பெரியப்பா டோர்ச்சை ஓட்டைக்குள் நீட்டிப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார். "எப்பயிருந்து?"

"மொதல்லயிருந்தே மாமா" என்றது உள்ளேயிருந்து சித்தியின் குரல். "புள்ளைங்க போயிருச்சா?"

"போயிருச்சு."

அப்போதுதான் சித்தி கத்தினார். அவ்வளவு நேரமும் பல்லுக்குள் வைத்திருந்ததை ஒரே மூச்சில் விட்டார். எங்களை எறிந்த அந்த நொடியிலேயே பின்சுவரின் கற்கள் அவர் காலின் மேல் விழுந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே கல்லோடு கல்லாக. நாங்கள் "அப்பறம், அப்பறம்?" என்று கேட்ட நிறுத்தங்கள் எல்லாம் எதற்கென்று எனக்கு அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது.

பெரியப்பா அந்த ஓட்டைக்குள் எப்படி நுழைந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் தோளுக்கு அது போதாது. உள்ளே போய், கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, சித்தியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கதவுப் பலகையில் கிடத்தி தேயிலைப் பெக்டரி லொறி வரைக்கும் தூக்கினார்கள். பையன்கள் தோள் மாற்ற வந்தார்கள். பெரியப்பா மாற்றவில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். கொட்டகலை மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை. சித்தி அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டிருந்தாலும் நான் கவனிக்கிற வயதில் இல்லை.

லயத்தில் கதை மாறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள் அத்தனை பேரும், அது சித்தியின் குரலே இல்லை, அம்மன் இறங்கிப் பேசியது என்றார்கள். முன்பு செய்வினை என்ற அதே பூசாரி ஆஸ்பத்திரிக்கு விபூதி கொண்டுபோனார். அம்மாவும் அப்படித்தான் நம்பினார். சித்தி கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அதுவும் இல்லக்கா, இதுவும் இல்ல" என்றார். "ஆட்டத்த நிறுத்துனா புள்ளைங்க பயந்துரும். எனக்கும் பயமா இருந்துச்சு. நான்தான் நிறுத்தல." அம்மா தலையை ஆட்டிவிட்டு விபூதியைப் பூசினார். ஒரு பெண்ணுக்கு அவ்வளவு துணிவு தானாகவே இருக்கும் என்று நம்புவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. முதலில் பேயிடம் கொடுத்தார்கள், பிறகு சாமியிடம் கொடுத்தார்கள். சித்தியிடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவரைத் தவிர என்று சொல்ல வேண்டும்.

வீடு போன எங்களைப் பெக்டரியின் பழைய ஸ்டோரில் சாக்குத் திரை கட்டி வைத்திருந்தார்கள். சித்தி கட்டையூன்றித் திரும்பிவந்த வாரம், ஒரு சாயங்காலம் பெரியப்பா வந்தார். கைவிரல்களில் இன்னும் துணி சுற்றியிருந்தது. அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். குடித்தார். போவார் என்று பார்த்தோம், போகவில்லை. தரையில் சம்மணமிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

"தங்கச்சி" என்றார். சித்தியை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அம்புட்டையும் கேட்டேன். எனக்கும் ஒரு ஆளு குடு."

அம்மா திகைத்துப் போய் நின்றார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். புத்தகம் மண்ணோடு போயிருந்தது; எல்லாம் இனிச் சித்தியின் தலையில்தான்.

சித்தி சிரிக்கவில்லை. எங்களிடம் கேட்ட அதே மரியாதையோடு கேட்டார். "எந்த ஆளு வேணும் மாமா? வாள்காரன் இருக்கான். ராசா இருக்காரு. மலையக் கொடையிறவனும் இருக்கான்."

பெரியப்பா துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதில் மம்பட்டியைப் பிடித்த கைகள். வெளியே தகரத்தில் மழை இரைந்தது.

"பறக்குற மாதிரி ஏதும் இருக்கா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

சித்தி கண்ணை மூடி யோசித்தார். "இருக்கு மாமா. றெக்கைய விரிச்சா ஒரு லயம் முழுக்க நெழலு விழும்."

"எம்புட்டு ஒசரம் போவும்?"

"மழைக்கு மேல."

பெரியப்பா தலையை நிமிர்த்தித் தகரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று நான் கண்டதை எந்தப் பெரிய மனிதர் முகத்திலும் பிறகு கண்டதில்லை.

"அப்ப அதையே குடு" என்றார்.